மெழுகுதிரிக்கு ஒரு முகம்

பேசாலை
28-1-1965

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பி எட்வேட்டுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அத்தானும் மகள் கிறேஸும் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் நெஞ்சுச் சளி எப்படி? கொழும்பு மழையில் தலையை நனைக்காதே.

பிள்ளையின் முப்பத்தோராம் நாள் பூசை போன கிழமை முடிந்தது. நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் லீவு தரவில்லை என்று உன் தந்திதான் வந்தது. சரி, உத்தியோகம் பார்க்கிறவன், என்ன செய்வாய். சுவாமியார் பீடத்துக்கு முன்னால் வெறும் கறுப்புத் துணியை விரித்து வைத்துத்தான் பூசை செய்தார். துணிக்குக் கீழே பெட்டி இல்லை. பெட்டியில் வைக்கப் பிள்ளையும் இல்லை. கடல் நடுவே மணல் தீடையில் வாடிக் குடிசை போட்டு மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெடியன்களில் இரண்டு பேருடைய உடல்தான் புயலுக்குப் பிறகு கரை சேர்ந்தது. எங்கள் டொமினிக் இன்னும் கடலில்தான். இந்தியாப் பக்கம் ஒதுங்கியிருப்பான் என்கிறார்கள். ஒதுங்கியிருந்தால் அங்கே யாராவது ஒரு தாய் அவனுக்கு முகத்தைத் துடைத்து அடக்கம் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

புயல் அன்றைக்கு வீட்டுக்குள் புகுந்த தண்ணீரோடு றங்குப்பெட்டியும் போய்விட்டது. அதற்குள்தான் சின்ன வயதில் அவன் கோயிலில் முதல்நன்மை வாங்கியபோது எடுத்த படம் இருந்தது. அதைத் தவிர அவனை யாரும் படம் பிடித்ததில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை, பார்க்க ஒரு படம் இல்லாமல் போய்விட்டான்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். போன ஆவணியில் மடுத் திருவிழா முடிந்து அவன் உன்னிடம் வந்து பத்து நாள் நின்றபோது, தினமும் அவனை நிறுத்தி வைத்து வரைந்தாய் அல்லவா? எனக்கு அவன் முகத்தை ஒரு படமாக வரைந்து தா. அவசரமில்லை. கார்த்திகையில் ஆத்துமாக்களின் திருநாளுக்கு வந்தால் போதும். அன்றைக்கு எல்லாரும் சேமக்காலைக்குப் போய் அவரவர் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். எனக்கும் கொளுத்த ஒரு இடம் வேண்டும். கடலுக்குக் கொளுத்து என்று பக்கத்து வீட்டு மனோன்மணி சொல்கிறாள். மாட்டேன். எனக்குக் கடலோடு கோபம்.

பெரிய ஆக்களுக்கெல்லாம் வரைந்து கொடுக்கிறாய். வாய் கழுவி வளர்த்த அக்காவுக்கும் ஒன்று.

உனக்காக மன்றாடும்,
றோசம்மா


கொட்டாஞ்சேனை
9-2-1965

என் அன்பான அக்காவுக்கு,

ஆண்டவர் உங்கள் மூவருக்கும் தாங்கும் பலத்தைத் தரவேண்டும். என் சளிக்கு ஒன்றுமில்லை. பேக்கரிக்கு மேலே குடியிருக்கிறவனுக்குச் சளி பிடித்தாலும் பாண் வாசத்தில் காய்ந்துவிடும்.

பூசைக்கு வராததற்கு என்ன சொன்னாலும் அது சாட்டுத்தான். அதனால் சொல்லவில்லை.

படம் வரைவேன் அக்கா, கட்டாயம் வரைவேன். என் கையால் உங்களுக்குச் செய்யக்கூடியது இது ஒன்றுதானே. அவன் இங்கே நின்றபோது வரைந்த தாள்கள் ஒரு கட்டு அலுமாரிக்கு மேலே இருக்கின்றன. பகலில் பள்ளிக்கூடத்தில் பெடியன்களுக்கு வாழைப்பழமும் பூச்சாடியும் வரையப் படிப்பிக்கிறேன், பின்னேரம் வந்துதான் என் சொந்த வேலை. அதனால் கொஞ்சம் சுணங்கும்.

ஒரு சின்ன விசயம். ஓவியன் என்றால் ஒன்றை இரண்டு தரம் சரிபார்ப்பவன். அவன் தலையை எந்தப் பக்கம் வகிடு எடுப்பான்? இங்கிருந்து போன பிறகு மீசை விட்டானா? மூக்கு அத்தானுடையதா, எங்கள் அப்புவுடையதா? மறந்துபோய்க் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சரிபார்க்கத்தான்.

கிறேஸ் குட்டிக்கு என் முத்தம்.

உங்கள் தம்பி,
எட்வேட்


கொட்டாஞ்சேனை
11-2-1965

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் திரும்பவும் கடலுக்குப் போகத் தொடங்கியதாக அறிந்தேன். மாதா உங்களுக்கு முன்னால் போகட்டும்.

இந்தக் கடிதத்தை எருக்கலம்பிட்டி அப்துல் றசாக் நானா உங்கள் கையில் தருவார். புறக்கோட்டைக்குக் கருவாடு கொண்டு வந்தவரைப் பிடித்துக் கொடுத்து அனுப்புகிறேன். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அக்காவின் கண்ணில் படவேண்டாம்.

அத்தான், நான் மனிதரை மட்டும் வரைகிறவன். மரமும் மலையும் எனக்கு வராது. வலை இழுக்கிறவன், மூட்டை தூக்குகிறவன், களைத்துப் படுத்திருக்கிறவள், இவர்கள்தான் என் படங்களில் இருப்பவர்கள். தோளையும் முதுகையும் தொடையையும் உள்ளதைவிடப் பெரிதாக்கி, செம்மண் நிறத்திலும் கறுப்பிலும் வரைவேன். தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெறும் வட்டம். கண் இல்லை, வாய் இல்லை. அதுதான் என் பாணி. முகத்தை வைத்தால் பார்க்கிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான், உடம்பு படும் பாட்டைப் பார்க்கமாட்டான் என்று பத்திரிகைக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர்களும் அதை நம்பி எழுதுகிறார்கள்.

நேற்று டொமினிக்கின் தாள்கள் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். அவன் கால் பெருவிரல் இருக்கிறது. முழங்கையில் கயிறு அறுத்த தழும்பு இருக்கிறது. குனிந்து நிற்கும்போது முதுகெலும்பு எழும்பி நிற்பது இருக்கிறது. முகம் ஒரு தாளிலும் இல்லை. சரி, கண்ணை மூடி நினைத்துப் பார்ப்போம் என்றால் அங்கேயும் இல்லை அத்தான். ஒரே கோப்பையில் சோறு தின்ற பிள்ளை. சிரித்தான், கதைத்தான், ஏதோ கேட்டான். நான் தோளையே பார்த்துக்கொண்டு, 'ஆடாமல் நில்லு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இதை நான் அக்காவுக்கு எந்த வாயால் சொல்வேன்? நீங்களே ஆறுதலாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

தங்கள் மைத்துனன்,
எட்வேட்


பேசாலை
2-3-1965

மச்சான் எட்வேட்டுக்கு,

இங்கே ஆண்டவர் கிருபை. உமக்கும் அப்படியே இருக்கட்டும். நான் எழுதிப் பழகியவன் இல்லை, பிழை பாராதேயும். உம்முடைய கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

றோசம்மாவுக்குச் சொல்ல என்னால் முடியாது. அவள் இப்போது இரண்டு வாய் சோறு தின்கிறாள் என்றால் அந்தப் படம் வரும் என்ற நினைப்பில்தான். கிணற்றடியில் நின்று மனோன்மணிக்குச் சொல்லுகிறாள், "தம்பி கீறுறான். அவன்ர கண்ணுக்கு ஒண்டும் தப்பாது, நீ இருந்து பார்" எண்டு. அந்தக் கதையை நான் எப்படிக் கெடுப்பேன்?

உம்மை ஏச எனக்கு வாய் இல்லை மச்சான். நான் பெற்ற தகப்பன். வள்ளத்தில் அவன் முன்னுக்கு இருப்பான், நான் பின்னுக்கு இருப்பேன். அவன் என்னோடு தொழிலுக்கு வரத் தொடங்கிய நாள் முதல் நான் பார்த்தது அவன் முதுகைத்தான். கரைக்கு வந்தால் நான் படுத்துவிடுவேன், அவன் பந்து அடிக்கப் போய்விடுவான். என்னைக் கேட்டாலும் முதுகைத்தான் சொல்லுவேன்.

கீறும். உமக்குத் தெரிந்த மாதிரி ஒரு நல்ல பெடியனின் முகமாகக் கீறும். தாய்க்குக் கும்பிட ஒன்று இருந்தால் போதும். இங்கே வந்து யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? நானும் பார்த்துவிட்டு, அவன்தான் என்று சொல்லிவிடுவேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

சிங்கராசா


பேசாலை
20-4-1965

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக்கள். இங்கே மூவரும் நடமாடித் திரிகிறோம். கிறேஸுக்கு அம்மை வராமல் இருக்க அம்மைப்பால் கட்டிக் கை வீங்கி இப்போது வற்றிவிட்டது. உனக்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறதா, இல்லை பாணையும் வாழைப்பழத்தையும் தின்றுவிட்டு வரைகிறாயா?

உன் கேள்விகளுக்கு மறுமொழி. டொமினிக்குக்கு வகிடே கிடையாது. எண்ணெய் வைத்து மேலே வாரிவிடுவான், வெயில் பட்டதும் எல்லாம் முன்னுக்கு விழுந்துவிடும். மீசை என்று அவன் சொன்னான், அழுக்கு என்று நாங்கள் சொன்னோம். மூக்கு அத்தானுடையது, நுனியில் கொஞ்சம் சப்பை. காதுகள் எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருடையதும் இல்லை, எங்கிருந்து கொண்டுவந்தானோ தெரியாது, பிறந்த அன்றே தனியாக நின்றன. சிரிக்கும்போது இடது கண் மற்றதைவிடச் சின்னதாகிவிடும். பொய் சொல்லும்போதும் அப்படித்தான். அதனால் அவன் பொய் சொல்கிறானா, பகிடி விடுகிறானா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். கன்னத்தில் ஒரு பருக்கூட்டம், அதைக் கிள்ளாதே என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன்.

இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன்? நீ நேரே கண்டவன்தானே. ஆனாலும் நீ கேட்டாயே, எழுத எனக்கு ஆசையாக இருந்தது. இப்போது அவனைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. நான் வருவதைக் கண்டால் கதையை மீன் விலைக்கு மாற்றிவிடுகிறார்கள். இரக்கத்தில்தான் செய்கிறார்கள், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் அவன் பெயரை ஒரு வாய் சொல்லக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

இன்னும் கேள் தம்பி. எது வேண்டுமானாலும் கேள்.

அன்புடன் அக்கா,
றோசம்மா


கொட்டாஞ்சேனை
12-9-1965

என் அன்பான அக்காவுக்கு,

இவ்வளவு காலமும் மறுமொழி போடாத இந்தக் கழுதையை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் சுகத்தை றசாக் நானாவிடம் விசாரித்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் கொஞ்சம் மெலிந்துவிட்டதாகச் சொன்னார்.

கண்காட்சி ஒன்று வந்தது. அதற்குள் தலையைக் கொடுத்துவிட்டு எடுக்க முடியவில்லை. இராப்பகலாக மேசனைற் பலகைகளுக்கு வெள்ளை பூசி, காயவைத்து, வரைந்து, பிடிக்காமல் சுரண்டி, திரும்ப வரைந்து, விரல் இடுக்கெல்லாம் சாயம் ஊறிவிட்டது. இங்கிலீசுப் பேப்பர் ஒன்று என்னை இந்த நாட்டின் உடம்பை வரைகிறவன் என்று எழுதியிருக்கிறது. உங்களிடம் மறைக்க மனமில்லை, எல்லாருக்கும் பிடித்தது டொமினிக்கை வைத்து வரைந்த படங்கள்தான். கரைவலை இழுக்கும் நான்கு படங்கள், நான்கும் விற்றுப்போயின. ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி அந்த முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் இருக்கிறது என்றாள். நான் வெளியே போய் ஒரு சிகரெட் பத்தினேன்.

நீங்கள் கேட்ட முகம் இதோ வருகிறது. றசாக் நானா சாக்கில் சுற்றி எடுத்து வருகிறார். வெள்ளைச் சேட்டோடு வரைந்திருக்கிறேன். கழுத்திலிருந்து மேலே முகம் வைத்து நான் வரைந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதனால் கொஞ்சம் என் சாயல் அடித்தால் குறை நினைக்க வேண்டாம். மருமகன் மாமனைக் கொண்டு பிறப்பது உலகத்தில் உள்ளதுதானே. கண் வைத்த பிறகு அது என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

திருநாளுக்கு முன்னரே அனுப்பிவிட்டேன் என்ற ஒரு ஆறுதல்தான் எனக்கு.

உங்கள் தம்பி,
எட்வேட்


பேசாலை
3-10-1965

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

படம் சேதமில்லாமல் வந்தது. மன்னார் ஸ்ரேசனிலிருந்து மழையாம். றசாக் நானா தான் நனைந்துகொண்டு குடையைப் படத்துக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர்கள் வீட்டில் உருவப்படம் மாட்டமாட்டார்கள், ஆனாலும் பச்சைப்பிள்ளையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்து கதிரையில் இருத்திவிட்டுப் போனார்.

சேட்டு நன்றாக வந்திருக்கிறது. பொத்தான் ஓட்டை கூடத் தெரிகிறது. சட்டம் தேக்கா? பாரமாக இருக்கிறது. அத்தான் பார்த்துவிட்டு, "அவன்தான்" எண்டு சொல்லிப்போட்டு, வலை பொத்த இருக்கு எண்டு வெளியே போய்விட்டார். கிறேஸ் கிட்டப் போய்ச் சேட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்று கேட்கிறேன். அந்த நான்கு படங்களையும் வாங்கினது யார்? நல்ல ஆக்களா? எங்கள் பிள்ளையை எந்த அறையில் மாட்டுவார்கள்? ஆக்கள் இருந்து சாப்பிடுகிற அறை என்றால் நல்லது. அவனுக்குத் தனியே இருக்கப் பிடிக்காது.

றோசம்மா


கொட்டாஞ்சேனை
14-10-1965

அன்பான அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு மன்றாட்டு.

சேட்டைப் பற்றி எழுதினீர்கள். சட்டத்தைப் பற்றியும் எழுதினீர்கள். தேக்கு இல்லை, முதிரை. முகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையே அக்கா? காது சரியா? இடது கண்ணை நீங்கள் சொன்ன மாதிரிக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், பார்த்தீர்களா? பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், திருப்பி எடுத்துத் திருத்தித் தருகிறேன்.

படங்களை வாங்கியவர்கள் எங்கே மாட்டுவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எட்வேட்


கொழும்பு
24-11-1965

அன்பான அக்காவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நீங்கள் சுகமாக இருந்தால் போதும்.

ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து எழுதுகிறேன், பயப்பட வேண்டாம். ஆத்துமாக்களின் திருநாள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தால் வந்து படுத்தவன்தான், எழும்பவில்லை. நெருப்புக் காய்ச்சல், கெட்ட தண்ணீரால் வருவதாம். பேக்கரிக்காரர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தாராம். இடையில் சில நாட்கள் எனக்கு நினைவே இல்லை. சுவாமியார் வந்து, சாகக் கிடக்கிறவனுக்குப் போல, அவஸ்தைத் தைலம் பூசிவிட்டுப் போனாராம், அதுவும் தெரியாது. இப்போது கஞ்சி குடிக்கிறேன். அடுத்த கிழமை விடுவார்கள்.

கையெழுத்துக் கோணலாக இருக்கிறது, மன்னியுங்கள். ஒரு வரி போடுங்கள் அக்கா.

எட்வேட்


பேசாலை
5-12-1965

மச்சான் எட்வேட்டுக்கு,

நீர் தப்பியதற்கு மாதாவுக்கு நன்றி. இனி ஒழுங்காகச் சாப்பிடும்.

உம்முடைய ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்த இடத்திலேயே றோசம்மா விழுந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினோம். ஏன் என்று நீர் அறியவேண்டும். அவள் எழுதமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன்.

திருநாள் அன்று உம்முடைய படத்தைக் கதிரையில் வைத்து, பூப்போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் செபம் சொன்னோம். செபம் முடியவில்லை, மனோன்மணி படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "றோசம்மாக்கா, இது உங்கட தம்பியெல்லோ? கொழும்புக்குப் போகேக்க இப்பிடித்தானே இருந்தவர். உயிரோட இருக்கிறவருக்கு ஏன் ஆத்துமச் செபம் சொல்லுறியள்?" எண்டு கேட்டாள். றோசம்மா போய்த் திரியை விரலால் நசுக்கி அணைத்தாள். மனோன்மணி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது என்று நான் நினைக்கவில்லை. படம் வந்த அன்றே அவளுக்குத் தெரியும். உம்மை வளர்த்தவளுக்கு உம்முடைய முகம் தெரியாதா?

அன்றைக்குத்தான் நீர் காய்ச்சலில் விழுந்தீர் என்று கடிதம் வந்ததும், "நான்தான் கொளுத்தினனான், நான்தான் அவனைப் படுக்கையில விழுத்தினனான்" எண்டு தலையில் அடிக்கிறாள். தினமும் கோயில் வாசலிலிருந்து பீடம் மட்டும் முழந்தாளில் போகிறாள். முழங்கால் தோல் உரிந்துவிட்டது.

அதைவிடப் பெரிய காரியம் வேறு. "கண்ணை மூடினா தம்பிதான் வாறான், என்ர பிள்ளை வாறானில்லை" எண்டு அழுகிறாள். அவளிடம் அவன் முகம் ஒன்று இருந்தது மச்சான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதையும் எடுத்துவிட்டோம்.

கண்ணாடியைப் பார்த்தா கீறினீர்? ஒன்றைக் கீறும் என்றுதான் நான் சொன்னேன். உம்மைக் கீறச் சொல்லவில்லை. பிழையில் பாதி என்னுடையது, அதை நான் அவளுக்குச் சொல்லிவிட்டேன். மற்றப் பாதியை நீர் எழுதும்.

சிங்கராசா


கொட்டாஞ்சேனை
12-12-1965

அக்கா,

நான் எழும்பி நடக்கிறேன். படிக்கட்டு ஏறுகிறேன். உங்கள் மெழுகுதிரியால் எனக்கு ஒன்றும் வரவில்லை, சந்தித் தண்ணீர்க் குழாயால் வந்தது. தயவுசெய்து முழந்தாளில் போகாதீர்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன். நீங்கள் எழுதிய காதையும் கண்ணையும் மூக்கையும் வைத்துத்தான் தொடங்கினேன். தனித்தனியாக எல்லாம் வந்தன, ஒன்றாகச் சேர்த்தால் ஒரு ஆளாக வரவில்லை. சுரண்டிச் சுரண்டிப் பலகை தேய்ந்தது. கடைசியில் சவரக் கண்ணாடியைத் தூக்கி முன்னால் வைத்தேன். என் கண்ணைக் கொஞ்சம் சுருக்கினேன், என் காதைக் கொஞ்சம் இழுத்தேன், என் வயதைக் குறைத்தேன். வரைந்து முடிந்ததும் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு சந்தோசம் கூட வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

என் தாள்களில் அவனுடைய முகம் இல்லை அக்கா. ஒன்றில்கூட இல்லை. இதை உங்களிடம் ஒளித்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எட்வேட்


பேசாலை
27-12-1965

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பி எட்வேட்டுக்கு,

நீ படிக்கட்டு ஏறுகிறாய் என்று எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. கஞ்சியை விடாதே. பாலன் பிறந்த நத்தார் முடிந்தது. பிள்ளையின் ஆண்டுப் பூசையும் முடிந்தது. முழந்தாளில் போவதையும் நிறுத்திவிட்டேன். சுவாமியாரிடம் போய், உயிரோடு இருக்கிறவனுக்கு ஆத்துமச் செபம் சொல்லிவிட்டேன், பாவமா என்று கேட்டேன். "ஆர், எட்வேட்டுக்கோ? அவனுக்கு எந்தச் செபமும் மிச்சமாப் போகாது, சொல்லுங்கோ" எண்டு சிரித்தார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

நத்தாருக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். வாளியில் சுண்ணாம்பு மிஞ்சிக் கிடந்தது. உன் படத்தை இறக்கி வைத்து, முகத்துக்கு மட்டும் பூசினேன். உன் எண்ணெய்ச் சாயத்தில் சுண்ணாம்பு பிடிக்காமல் வழுக்கியது. காயவிட்டுத் திரும்பவும் பூசினேன். இப்போது வெள்ளைச் சேட்டு இருக்கிறது, கழுத்து இருக்கிறது, அதற்குமேல் வெறும் சுண்ணாம்பு. ஆண்டுப் பூசை அன்று அதற்கு முன்னால்தான் மெழுகுதிரி கொளுத்தினேன். அத்தான் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தார். கோபத்தில் பூசினேன் என்று நினைக்காதே. கொஞ்சம் கோபமும்தான். ஆனால் உன் முகம் அங்கே இருக்குமட்டும் அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. பூசிய பிறகு ஒரு நாள் காது வந்தது. இன்னொரு நாள், பருவைக் கிள்ளுகிற விரலோடு கன்னம் வந்தது. முழுதாக இன்னும் வரவில்லை. இருந்து பார்க்கிறேன்.

தாள்களில் முகம் இல்லை என்று ஏதோ பெரிய இரகசியம் போல எழுதியிருக்கிறாய். அது எனக்கு முதலே தெரியும் தம்பி. போன வருடம் உன்னிடமிருந்து வந்து இறங்கிய அன்றே அவன் சொன்னான். "எல்லாம் நான்தானம்மா, தலை மட்டும் கோழிமுட்டை" எண்டு சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தங்கச்சிக்கு நின்று காட்டினான், நீ அவனை நிறுத்தி வைத்த மாதிரி. தாளில் முகம் இருக்கும் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. தாளில் இல்லாவிட்டாலும் உன்னிடம் இருக்கும் என்றுதான் கேட்டேன். பத்து நாள் ஒரு பிள்ளை முன்னால் நின்றால், பாணிக்காக வரையாமல் விடலாம், பார்க்காமல் ஒரு மாமன் எப்படி விடுவான் என்று நினைத்தேன். நீ வகிடு எந்தப் பக்கம் என்று கேட்ட அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் நம்பினேன்.

பொய் சொன்னதை மன்னித்துவிட்டேன். உன் முகத்தை எனக்கு அனுப்பியதையும் மன்னித்துவிட்டேன். அவனைப் பார்க்காமல் விட்டதை மன்னிக்க இன்னும் எனக்குப் பழகவில்லை. நீ என் தம்பி, பழகிவிடுவேன்.

தையில் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் வா. தந்தி அடிக்காதே, ரயில் ஏறு. தாளும் கரித்துண்டும் கொண்டுவர வேண்டாம். கிறேஸுக்குப் பதினான்கு நடக்கிறது. அவளை நீ கடைசியாகக் கண்டபோது முன்பல் விழுந்திருந்தது. இப்போதும் உன் கடிதத்தில் அவள் குட்டிதான். வந்து, அவளுக்கு முன்னால் இருந்து, ஒருக்கா நல்லாப் பார்.

காத்திருக்கும் அக்கா,
றோசம்மா